பூச்சிக்கும் தாகம் எடுக்கும்!

பல்லி மேலே விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டும் குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்ட நான், ஒரு பல்லிக்காகவும், அது தின்னும் பூச்சிகளுக்காகவும் இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டுக் கிடந்தேன் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

ஜவ்வாது மலை அடிவாரத்தில், போளூரில் இருக்கிறோம். கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, பத்து இருபது நாட்டுக்கோழி. போன மே மாத லீவுக்கு சென்னையிலிருந்து என் தங்கை மகன் வந்தான். பிளஸ் டூ படிக்கிற பையன். கையில் துணிப்பை ஒன்று, கண்ணாடிப் பெட்டி ஒன்று. பெட்டிக்குள் ஒரு சாண் நீளத்துக்கு, கழுத்தெல்லாம் முள் முள்ளாக ஒரு ஜந்து!

"பயப்படாதீங்க பெரியம்மா, இது பியர்டட் டிராகன். ஆஸ்திரேலியா பல்லி. கடிக்காது" என்றான். கூடவே ஒரு டப்பா நிறைய சில்வண்டு. அதுதான் இதற்குச் சாப்பாடாம். "இந்தக் கண்றாவியை சமையல்கட்டுப் பக்கம் கொண்டு வராதே" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

எங்க ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாதது இல்லை. இரண்டாம் நாளே டப்பாவில் பாதி சில்வண்டு காலை மேலே தூக்கிக் கொண்டு செத்துக் கிடந்தன. பையன் பதறிப் போய் ஒரு மூடியில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தான். காலையில் பார்த்தால் அந்த மூடியிலேயே ஏழெட்டு விழுந்து மிதக்கின்றன. மிச்சம் இருந்தவை சருகு மாதிரி இருந்தன. பல்லியோ அவற்றைத் தின்றும் தேறவில்லை. கண் குழி விழுந்து, விலாப் பக்கம் தோல் சுருங்கி, அசையாமல் கிடந்தது. அதன் எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சளாகி, சுண்ணாம்புக் கட்டி போல் இறுகியிருந்தது.

"பாலைவனத்துப் பிராணி பெரியம்மா, தண்ணியே தேவைப்படாதுன்னு பசங்க சொன்னாங்க. இது செத்துட்டா, 'அப்பவே சொன்னேனே'ன்னு அம்மா திட்டும்" என்று சொல்லும்போதே அவன் குரல் உடைந்துவிட்டது. தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை அழுதால் மனசு தாங்குமா?

அப்போதுதான் என் மாமியார் ஞாபகம் வந்தது. கோழி குஞ்சு பொரித்தால் அவர் செய்யும் முதல் வேலை, கறையான் பானை வைப்பது. பழைய மண்பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணி, மட்கிய ஓலை எல்லாம் திணித்து, நன்றாகத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பார். விடிந்ததும் எடுத்து உதறினால் கறையான் கொட்டும். குஞ்சுகள் ஓடி வந்து கொத்தும். கல்யாணமான புதிதில் ஒருநாள் நான் சோம்பல் பட்டுத் தண்ணீர் தெளிக்காமல் வைத்துவிட்டேன். காலையில் பானையில் ஒன்றுகூட இல்லை. "ஈரம் இல்லாத இடத்துக்கு கறையான் எப்படிம்மா வரும்? அதுக்குத் தோலு மெல்லிசு. காஞ்சா செத்துடும். அதனாலதானே மண்ணுல குழாய் கட்டிக்கிட்டு அதுக்குள்ளவே நடக்குது" என்றார். பள்ளிக்கூடம் பார்க்காத மனுஷி!

இதைச் சொன்னதும் பையன், சென்னையில் தனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டான். அவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதே விஷயம்தான். இந்த மாதிரிப் பிராணிகள் கிண்ணத்துத் தண்ணீரைத் தேடிக் குடிப்பது குறைவு. தின்னும் இரையில் இருக்கும் ஈரம்தான் பெரும்பகுதி. நல்ல நிலையில் இருக்கும் சில்வண்டின் எடையில் சுமார் 70 சதவீதம் தண்ணீர், மாவுப்புழுவில் சுமார் 60 சதவீதம். பூச்சி வாடினால் பல்லியும் வாடும். பாக்கெட்டில் விற்கிற காய்ந்த பூச்சியில் தண்ணீரே கிடையாது என்று வைத்துக் கொள்ளலாம். ஆக, பூச்சிதான் அதற்குத் தண்ணீர்க் குடம்!

அவர் சொன்னபடி, அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் அதன் முழங்கால் அளவுக்கு ஊற்றி, பல்லியைக் கால் மணி நேரம் விட்டோம். பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து கொண்டான். மூக்கு நுனியில் சொட்டுச் சொட்டாக விட்டதும் நாக்கை நீட்டி நக்கியது. 'சீ' என்று ஒதுங்கிய நான்தான் தட்டைப் பிடித்துக் கொண்டிருந்தேன்!

பிறகு பூச்சி டப்பாவைச் சரி செய்தோம். மூடியில் காற்றோட்டத்துக்குத் துளை. ஒளிந்து கொள்ள முட்டை அட்டை. தண்ணீர் மூடிக்குப் பதில் நனைத்துப் பிழிந்த பஞ்சு. அதில் வாய் வைத்துக் குடிக்கும், விழுந்து சாகாது. பஞ்சை தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கிருமி சேரும். கூடவே கேரட் துண்டு, பூசணித் துண்டு, கழுவிய முருங்கைக் கீரை. டப்பாவை வெயில் படாத மூலையில் வைத்தோம்.

இதில் நானும் ஒரு தப்பு செய்தேன். அவன் தவிட்டில் வைத்திருந்த மாவுப்புழுக்களுக்கு, 'பாவம்' என்று ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டேன். இரண்டே நாளில் தவிடு பூஞ்சை பிடித்து நாற்றம் எடுத்து, அத்தனையும் கோழிக் குப்பைக்குப் போனது. மாவுப்புழுவுக்கு தவிடு காய்ந்தே இருக்க வேண்டும், ஒரு கேரட் துண்டே போதும். அதையும் வாடும் முன் மாற்ற வேண்டும். ஈரம் இல்லாவிட்டாலும் சாவு, அதிகமானாலும் சாவு!

நாலாம் நாள் பல்லி தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒரு வாரத்தில் சில்வண்டைத் துரத்திப் பிடித்தது. அன்றைக்குப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லீவு முழுக்க போனையே பார்த்துக் கொண்டிருந்தவன், அதற்கப்புறம் தினமும் என்னோடு கோழிக்கூண்டுக்கு வந்தான். ஊருக்குப் போகும் முன் அவனே கறையான் பானையும் வைத்துப் பார்த்தான்.

வீட்டில் பிள்ளைகள் இப்படிப் பிராணி வளர்த்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். இரை போடுவதற்கு ஒரு நாள் முன்பே பூச்சிகளுக்கு நன்றாகத் தீனியும் ஈரமும் கொடுங்கள். பூச்சியில் கால்சியம் குறைவு. அதனால் மருத்துவரைக் கேட்டு, போடும் நேரத்தில் கால்சியம் பொடி தூவிக் கொடுங்கள். பல்லியின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். தின்னாமல் விட்ட சில்வண்டை ராத்திரிக்குள் எடுத்துவிடுங்கள், அது பல்லியையே கடிக்கும். வயல் பூச்சியில் மருந்து தெளித்த விஷம் இருக்கலாம், வேண்டாம். மின்மினியைப் போடவே கூடாது.

இன்னொன்று. நம் நாட்டு உடும்பு, பச்சோந்தி, நட்சத்திர ஆமை இவற்றைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பிராணி என்றாலும் முறையான காகிதம் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பிள்ளை ஆசையாகக் கேட்டால் உடனே விரட்டவும் வேண்டாம், உடனே வாங்கித் தரவும் வேண்டாம். "அது என்ன தின்னும்? அது தின்னுறது என்ன குடிக்கும்?" என்று கேளுங்கள். பதில் தெரிந்த பிறகு வாங்கட்டும். ஒரு உயிரை வீட்டுக்குள் கொண்டு வந்தால், அதற்கு இரையாகப் போகிற உயிரின் தாகமும் நம் பொறுப்புதானே!

- ஒரு வாசகி, போளூர்.