இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை

என் தங்கைக்கு 2009 ஆம் ஆண்டு முள்ளந்தண்டில் செல் துண்டு பட்டது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. சத்திரசிகிச்சை முடிந்து அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த நாள் முதல் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "ஒப்பரேசன் செய்தாச்சுத்தானே, பிறகேன் பிள்ளை நடக்கேல்லை?"

சகோதரிகளே, உங்களில் பலரின் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். இதற்குப் பதில் தெரியாமல் நாங்கள் பட்ட பாடு இன்னொருவருக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முள்ளந்தண்டு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, நெஞ்சின் பின்புறம் 12, இடுப்பில் 5 என்று சிறிய எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதற்குக் கீழுள்ளவை ஒன்றோடொன்று ஒட்டியவை. இந்த எலும்புகளின் நடுவே முண்ணாண் என்ற நரம்பு வடம் செல்கிறது. காலை அசைக்கச் சொல்லும் மூளையின் கட்டளையும், கால் சுடுகிறது என்று மூளைக்குப் போகும் செய்தியும் அதன் வழியாகவே போய் வருகின்றன.

முறிந்த எலும்பு திரும்பவும் பொருந்தும். சத்திரசிகிச்சையில் வைத்தியர்கள் முண்ணாணை நெரிக்கும் எலும்புத் துண்டுகளை அகற்றி, தைத்தேனியம் ஆணிகளாலும் கம்பிகளாலும் முள்ளந்தண்டை அசையாமல் நிறுத்துகிறார்கள். இதனால் காயம் மேலும் மோசமாகாது, நோயாளியை விரைவில் எழுப்பி இருத்தலாம். ஆனால் அறுந்துபோன முண்ணாணை ஒட்டவைக்கும் சத்திரசிகிச்சை இன்றுவரை இல்லை. முண்ணாண் முழுதாக அறாமல் நசிந்திருந்தால் மட்டுமே உணர்வும் அசைவும் ஓரளவு திரும்பும். கழுத்தில் காயப்பட்டவர்களை வைத்து வட அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2012 இல் வெளியானது. 24 மணித்தியாலத்துக்குள் நெரிவு நீக்கப்பட்டவர்களில் கூடுதலானோர் நல்ல முன்னேற்றம் கண்டதாக அது கூறுகிறது. என் தங்கை வைத்தியசாலைக்குப் போய்ச் சேரவே நான்கு நாள் எடுத்தது.

இவையெல்லாம் தெரியாத காலத்தில், வெளிநாட்டில் இன்னொரு ஒப்பரேசன் செய்தால் நடப்பாள் என்று ஒருவர் வந்து சொன்னார். அம்மா காணி உறுதியைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் தங்கைக்குக் காய்ச்சல் தொடங்கியது. வார்ட்டில் தாதி அவளைப் பக்கவாட்டில் திருப்பினார். இருப்பெலும்புக்கு மேலே, எலும்பு தெரியுமளவுக்கு ஒரு புண். உணர்வில்லாத இடம் என்பதால் அவளுக்கு வலிக்கவில்லை.

"அக்கா, நீங்கள் எல்லாரும் காலையே பாத்துக்கொண்டிருந்திருக்கிறீங்கள். ஒருத்தரும் முதுகைப் பாக்கேல்லை" என்றார் அந்தத் தாதி.

அவர் சொல்லித்தான் வைத்தியர் லுட்விக் குட்மனைப் பற்றி அறிந்தேன். யூதரான அவர் ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து தப்பி 1939 இல் இங்கிலாந்துக்கு வந்தவர். அக்காலத்தில் முண்ணாண் அறுந்த போர்வீரர்களில் பெரும்பாலானோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்தார்கள். காப்பாற்ற முடியாதவர்கள் என்றே மற்ற வைத்தியர்களும் எண்ணினார்கள். 1944 இல் ஸ்ரோக் மண்டவில் என்ற இடத்தில் அவர்களுக்கென ஒரு பிரிவை ஆரம்பித்த குட்மன், பெரிய கருவி எதையும் கொண்டு வரவில்லை. இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரையும் திருப்பிப் படுக்க வைத்தார். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கையாளச் செய்தார். பின்பு அவர்களை எழுப்பி இருத்தி, வேலையும் விளையாட்டும் பழக்கினார். சாவார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். 1948 ஜூலை 29 இல் அங்கே சக்கர நாற்காலியில் இருந்தபடி 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். அவர்களில் இருவர் பெண்கள். இன்றைய பராலிம்பிக் போட்டிகள் அதிலிருந்து வளர்ந்தவையே.

தங்கையின் புண் ஆற மாதக்கணக்கானது. காணி விற்கப்படவில்லை. படுக்கையில் இருந்த காலத்தில் அம்மாவும் நானும் இரவை இரண்டாகப் பங்கிட்டு, மணிக்கூடு வைத்து எழும்பி அவளைத் திருப்பினோம். இப்போது அவளே கண்ணாடி பிடித்துக் காலையும் மாலையும் தன் தோலைப் பார்க்கிறாள். எங்காவது சிவந்து, அந்தச் சிவப்பு மாறாமல் இருந்தால் அந்தப் பக்கத்துக்குப் பாரம் கொடுப்பதில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும்போது கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்கிறாள். தாதி பழக்கியபடி, குறித்த நேரங்களில் கைகழுவித் தானே குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றுகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறாள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று. முண்ணாண் காயத்துக்குப் பின் மாதவிடாய் சில மாதங்கள் நின்றிருக்கலாம். பெரும்பாலும் அது திரும்ப வரும். வைத்தியரின் கவனிப்போடு இவர்களால் பிள்ளை பெறவும் முடியும். "இவளுக்கினி வாழ்க்கையில்லை" என்று அவர்கள் காதுபடச் சொல்லாதீர்கள்.

ஆராய்ச்சிகள் நிற்கவில்லை. சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில், முண்ணாண் முழுதாக அறாத மூவருக்கு அதன்மேல் மின்தூண்டல் கருவி பொருத்திப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் ஊன்றுதுணையுடன் நடந்ததாக 2018 இல் அறிவித்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் நடக்க வைப்பேன் என்று யாராவது காசு கேட்டு வந்தால், உங்கள் வைத்தியசாலை என்புமுறிவு வைத்தியரிடம் முதலில் கேளுங்கள்.

இன்று செல் விழுவதில்லை. ஆனாலும் பனையிலிருந்து விழுபவர்களும் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்குபவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடந்தால் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்காதீர்கள். கழுத்தும் முதுகும் வளையாமல், நாலைந்து பேர் சேர்ந்து பலகையில் கிடத்துங்கள்.

அம்மா இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. காலையில் எழும்பியதும் தங்கையிடம், "முதுகைப் பாத்தியா பிள்ளை?" என்றுதான் கேட்கிறார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் படுத்திருந்தால், இதை வாசித்து முடித்ததும் போய் ஒருமுறை அவரைத் திருப்பிப் பாருங்கள்.