வலது கார்னர்: தர்மராஜ் சேரலாதன்

தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் 1975-ல் பிறந்தவர். 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கியபோது அவருக்கு 39 வயது. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் காலணியைக் கழற்றிவிடும் வயது. அவருடைய தொழில்முறை வாழ்க்கையோ அதன்பிறகுதான் வேகமெடுத்தது.

அவர் நின்ற இடம் வலது கார்னர். பாடி வருபவருக்கு 30 விநாடிதான். அந்தப் பாடுபவர் போனஸ் கோட்டை நோக்கிக் கால் நீட்டும் கணத்தில் கார்னர் ஆட்டக்காரர் கணுக்காலையோ தொடையையோ பற்ற வேண்டும். அரை நொடி முந்தினாலும் புள்ளி எதிரணிக்கு.

2016 ஜூலையில் சேரலாதன் தலைமையில் பாட்னா பைரேட்ஸ் புரோ கபடி கோப்பையை வென்றது. அதே அணியின் இடது கார்னரில் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி. அக்டோபரில் அகமதாபாத் உலகக் கோப்பை இறுதியில் சேரலாதன் இந்திய அணியில், அதே ஃபசல் எதிரணியான ஈரானில். இந்தியா 38–29 என வென்றது.

2018-ல் இருவரும் யு மும்பாவில் மீண்டும் இணைந்தனர். மும்பை ஒர்லியின் என்.எஸ்.சி.ஐ. அரங்கமே அவர்களது சொந்தக் களம். வடநாட்டு வீரர்களும் சேரலாதனை ‘அண்ணா’ என்றே அழைத்தார்கள். 2019-ல், 44 வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸுக்குத் தலைமை ஏற்றார்.