சிவப்பு ஒயில் எல்லாம் ஒன்றல்ல

கையிலுள்ள சிறு தொகையைக் கொண்டு பழைய வானையோ உழவு இயந்திரத்தையோ வாங்கித் தொழில் தொடங்கும் குடும்பங்கள் எம்மிடையே பல. அதன் கியர் பெட்டி பழுதடைந்தால் ஒரு போகத்தின் வருமானமே போய்விடும். பிழையான ஒயிலும் இப்பழுதுக்கு ஒரு காரணமாகும்.

தானாகக் கியர் மாறும் பெட்டியில் ஒயில் தேய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. அதன் அழுத்தமே கியரை மாற்றுகிறது. கிளச் தட்டுகள் அளவோடு பிடிக்கவும் அதுவே உதவுகிறது. எனவே எஞ்சின் ஒயிலோ தடித்த கியர் ஒயிலோ இதற்கு உதவாது.

ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1967இல் டெக்ஸ்றன் என்ற தரத்தை அறிமுகப்படுத்தியது. அந்த ஒயிலின் சிவப்பு நிறம் கசிவை இனங்காணச் சேர்க்கும் சாயமே; தரத்தின் அடையாளமன்று. ரொயோட்டாவின் பழைய வாகனங்கள் பலவற்றுக்கு டெக்ஸ்றன் 2 அல்லது 3 பொருந்தும். புதியவை பலவற்றுக்கு டபிள்யூ.எஸ். என்ற வேறு ஒயில் வேண்டும். சி.வி.ரி. எனப்படும் பட்டி வகைப் பெட்டிக்கு அதற்கென்றே தயாரித்த ஒயில் தேவை. வேறு ஒயில் ஊற்றினால் பட்டி வழுக்கித் தேயும்.

ஜப்பானிய வாகனங்கள் பலவற்றின் பவர் ஸ்ரியறிங்குக்கும் டெக்ஸ்றன் போதும். ஹொண்டாவுக்கோ அதற்குரிய தனி ஒயில் வேண்டும். பிறேக் ஒயிலை ஸ்ரியறிங் தொட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். பிறேக் ஒயில் கிளைக்கோல் வகை. ஸ்ரியறிங் ஒயில் பெற்றோலிய வகை. ஒன்றுக்கான றப்பர் சீல் மற்றதைத் தாங்காது. பிறேக் தொட்டியில் சிவப்பு ஒயில் கலந்தால் சீல்கள் ஊதிப் பிறேக்கே செயலிழக்கலாம், அது உயிராபத்து.

நான்கு சக்கர உழவு இயந்திரங்கள் பலவற்றில் கியர் பெட்டி, ஹைட்றோலிக், பின் அச்சு ஆகியவற்றுக்கு ஒரே ஒயில்தான். பிறேக் தட்டுகளும் அதே ஒயிலுக்குள் இயங்குமாயின் உழவு இயந்திரத்துக்கெனத் தயாரித்த ஒயிலையே வாங்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

1. ஒயிலின் பெயரைக் கைநூலில் பாருங்கள். அது இல்லாவிடின் அளவுக்கோலிலும் தொட்டி மூடியிலும் தேடுங்கள்.

2. போத்தலில் அதே பெயர் உள்ளதா என வாசித்த பின்பே பணம் கொடுங்கள். முத்திரை உடைந்த போத்தல் வேண்டாம்.

3. ஒயில் கறுத்துக் கருகிய மணம் வீசினால் கராஜில் காட்டுங்கள்.

4. ஸ்ரியறிங் ஒயில் எரிந்து தீர்வதில்லை. அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது. முதலில் அதைத் திருத்துங்கள்.

5. தவறான ஒயிலை ஊற்றிவிட்டால் எஞ்சினை இயக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

மலிவான ஒயிலில் மிச்சம் பிடித்துக் கியர் பெட்டியை இழப்பது, விதைநெல்லைக் குற்றிச் சோறாக்குவதற்கு ஒப்பானது. வாங்கும் முன் பெயரை வாசிப்போம்.