பல்லாவரத்துக் கல்லும் தொடக்க நூலும்



உறுதிபூசுதலுக்குத் தயாராகும் தாம்பரத்துப் பிள்ளைகளிடம், மனிதர் எப்படி உண்டானார்கள் என்று கேட்டோம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "பள்ளிக்கூடத்து விடையா ஃபாதர், மறைக்கல்வி விடையா?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' பாடத்துக்கு அங்கே ஒரு விடை, ஆறு நாள் படைப்புக்கு இங்கே ஒரு விடை. இரண்டிலும் மதிப்பெண் வாங்குகிறாள். எதை நம்புகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. முன்பொரு பையன் டைனோசரைப் பற்றிக் கேட்டபோது, "அதிகம் பேசாதே, உட்கார்" என்றவர்கள்தாம் நாமும்.

இந்தப் பிள்ளைகள் ரயிலில் கடந்துபோகும் பல்லாவரத்தில்தான், 1863 மே 30 அன்று, நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் சரளைக்கல் குழியொன்றில் ஆதி மனிதர் செதுக்கிய கற்கோடரியைக் கண்டெடுத்தார். டார்வினின் நூல் வெளிவந்து அப்போது நான்கே ஆண்டுகள். அதே ஆண்டு அவர் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தின் கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் பழையவை என 2011இல் அறிவித்தார்கள். இந்த ஃபுட் யார் தெரியுமா? தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலரோடு உழைத்த பீட்டர் பெர்சிவல் போதகரின் மருமகன்!

தொடக்க நூலை நிதானமாக வாசியுங்கள். முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பிறகு மனிதர். இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பிறகு விலங்குகள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்களுக்கு இது தெரியாமலா போயிற்று? அவர்கள் சொல்ல வந்தது நாள் கணக்கை அல்ல. யார் படைத்தார், எதற்காகப் படைத்தார் என்பதையே.

மனித உடல் முன்பிருந்த உயிரினத்திலிருந்து வந்ததா என்று ஆராயத் தடையில்லை, ஆன்மாவையோ கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்று 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் கற்பித்தார். பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல என்றார் 1996இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். நம் வீடுகளுக்கு இது ஏன் இன்னும் வந்து சேரவில்லை?

2023இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தபோது, "நல்லதாப் போச்சு ஃபாதர்" என்றார் ஒரு தந்தை. அறியாமையைக் காவலுக்கு வைத்தா விசுவாசத்தைக் காப்பது?

இதையெல்லாம் அந்த மாணவியிடம் சொன்னோம். கேட்டுவிட்டு, "அப்படின்னா ஆதாம் ஒரே ஆளா ஃபாதர்? பிறப்புநிலைப் பாவம் எப்படி வந்தது?" என்றாள். அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. அடுத்த ஞாயிறு வகுப்பும் அதற்கே.