சூறாவளியின் உருமாற்றம்

"சூறாவளி வலுவிழந்து தாழமுக்கமாகிவிட்டது" என்னும் வானொலிச் செய்தி, புத்தளம் முதல் சிலாபம் வரையுள்ள கரையோர மக்களால் ஆறுதலுடன் கேட்கப்படுவது. காற்றுக்கு அஞ்சும் உடப்புக் கடற்றொழிலாளர்க்கு அவ்வாறுதல் பெரிதும் பொருந்தும். ஆற்றங்கரையில் வாழ்வோர்க்கும் அது பொருந்துமோ எனின், சூறாவளி எதனால் வாழ்கின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

அயன மண்டலச் சூறாவளிக்கு உணவாவது வெங்கடல். ஏறக்குறைய 26 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமுடைய கடற்பரப்பினின்று எழும் நீராவி, மேலே குளிர்ந்து முகிலாகுங்கால், தன்னுள் அடங்கிய மறைவெப்பத்தை வெளிவிடுகின்றது. அவ்வெப்பமே புயலின் நடுவிடத்தை வெம்மையாக்கி, அமுக்கத்தைத் தாழ்த்தி, காற்றைச் சுழலச் செய்வது. இடைவெப்ப வலயத்துப் புயல்களோ வேறினத்தன. துருவக் குளிர்வளியும் அயன வெப்பவளியும் எதிர்ப்படும் முகப்புகளில், அவ்விரண்டின் வெப்ப வேறுபாட்டையே ஆற்றலாகக் கொண்டு அவை பிறக்கின்றன.

முன்னையது பின்னையதாக மாறுதலும் உண்டு. 1954 ஒக்டோபரில் வட அமெரிக்காவில் கரையேறிய 'ஹேசல்', கடலை நீங்கியும் மடிந்திலது. குளிர்முகப்பொன்றோடு இணைந்து புத்துயிர் பெற்று, கனடாவின் ரொறன்ரோ நகர்ப்புறத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அந்நாட்டில் மட்டும் 81 பேர் மாண்டனர்.

வங்கக் கடற் புயல்கள் இவ்வாறு மாறுவது மிக அரிது. வடக்கு நோக்கிச் செல்லும் புயலுக்குக் கடல் விரைவில் முடிந்துவிடுகின்றது. வடபுலக் குளிர்வளியை இமயமலை தடுத்துநிற்கின்றது. 'சைக்குளோன்' என்ற சொல், இக்கடலின் புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன் 19ஆம் நூற்றாண்டிலே கல்கத்தாவிலிருந்து ஆக்கியளித்தது. பின்வந்தோர் அதனை இருவகைப் புயலுக்கும் வழங்கியமை மாணவர் மயக்கத்துக்கு ஒரு காரணம் எனலாம்.

இலங்கையில் நிகழ்வது பிறிதொரு மாற்றம். நிலத்தின் உராய்வு காற்றைத் தளர்த்தும். நீராவியை உடனே அழிக்காது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி காற்றின் கொடுமைக்குச் சான்று. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'திட்வா'வோ நீரின் கொடுமைக்குச் சான்று. (இப்பெயர் யேமன் நாடு அளித்தது, சொக்கோத்திராத் தீவின் களப்பொன்றைக் குறிப்பது.) காற்றின் வேகத்தை நோக்கின், அது சூறாவளி வகுப்பின் கீழ்ப்படியையே சேர்ந்தது. ஆயினும் மெல்ல நகர்ந்தமையால், கடலீரம் இடையறாது மலைநாட்டில் மோதி எழுந்து பெருமழையாயிற்று. மண்சரிவாலும் வெள்ளத்தாலும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சூறாவளிகளுக்கு இடப்படும் தரங்கள் காற்றின் வேகத்தை அளப்பன. மழையை அளப்பன அல்ல. மாத்தளை மலைச்சாரலிலும் குருநாகல் நிலத்திலும் பெய்யும் நீரை ஏந்திவரும் தெதுறு ஓயா சிலாபத்தருகே கடலை அடைகின்றது. மீ ஓயா புத்தளம் களப்பிற் கலக்கின்றது. மலையில் பெய்த மழை இக்கரையை எட்டப் பல மணி நேரம் செல்லும். வெள்ளம் வந்துசேரும் வேளையில் சிலாபத்து வானம் வெளுத்திருத்தலும் கூடும்.