சுவரில் யாரோ நிற்பது ஏன்?

இத்தலார் போன்ற மலையூரில் இடுப்பெலும்பு முறிந்தால் ஊட்டிக்கோ கோவைக்கோ போக வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பாட்டி, இருட்டியதும் சுவரைக் காட்டி, "யாரு அங்க நிக்கிறது?" என்று கேட்டால் வீடே கலங்கிப்போகும். பேயுமில்லை, பைத்தியமுமில்லை. மருத்துவர்கள் இதை டெலிரியம் என்கிறார்கள்.

கவனத்தைச் சீராக வைக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைந்து, டோபமைன் என்ற மற்றொன்று ஓங்குவது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, வலி மருந்து, தூக்கமின்மை, ஏன், மலச்சிக்கல்கூட இதைத் தூண்டும். குளிருக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் சிலவும் அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. முதியவருக்கு வினையே அதுதான். தினமும் மது குடித்தவர் மருத்துவமனையில் திடீரென நிறுத்தினாலும் இரண்டு, மூன்று நாளில் உருவங்கள் தெரியலாம். அது உயிருக்கே ஆபத்து.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ஷாரன் இனோய் குழு 852 முதிய நோயாளிகளை ஆராய்ந்து 1999இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம். மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, தண்ணீர், நடை, தூக்கம் என்று பார்த்துப் பார்த்துக் கவனிக்கப்பட்டவர்களில் 9.9 சதவீதம்தான்.

வீட்டிலும் அதேதான். "யாருமில்லை" என்று வாதாடிப் பயனில்லை. "பயப்படாதீங்க பாட்டி, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றால் போதும். பகலில் ஜன்னல் வெளிச்சம், இரவில் சிறு விளக்கு. ஆணியில் தொங்கும் கம்பளிக் கோட்டை எடுத்துவிடுங்கள். மங்கலில் அது ஆளாகத் தெரியும்.

தெளிவாக இருந்தவர் திடீரெனக் குழம்பினால் டிஸ்சார்ஜ் சீட்டோடும் மாத்திரைகளோடும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலோ மயக்கமோ சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.