யானைகள் குறைந்தனவா?

பாலக்காட்டுப் பரம்பிக்குளத்தையும் இடுக்கி மாவட்ட மூணாற்றுக் காடுகளையும் தழுவியது ஆனைமுடி யானைக் காப்பகம். இதனையும் உட்கொண்ட கேரளக் காடுகளில் தொகுதி முறைப்படி 2023-இல் 1,920 யானைகளும் 2024-இல் 1,793 யானைகளும் மதிப்பிடப்பட்டன. குறைவு 127.

இவை ஒவ்வொன்றாக எண்ணிப் பெற்றவை அல்ல. தேர்ந்தெடுத்த தொகுதிகளில் ஊழியர் நடந்து கண்டதைக் கொண்டு காடு முழுமைக்கும் கணித்தவை. வேறு தொகுதிகள் அமைந்திருப்பின் விடையும் சற்று வேறாகும். அவ்வேறுபாட்டிற்கு எல்லை கட்டுவதே நம்பிக்கை இடைவெளி. 95 விழுக்காடு என்பது, இம்முறையைத் திரும்பத் திரும்பக் கையாண்டால் பெறப்படும் இடைவெளிகளுள் 95 விழுக்காடு உண்மை எண்ணை உள்ளடக்கும் என்பதேயாகும்.

விளக்கத்திற்காக, ஒவ்வொரு மதிப்பீட்டின் எல்லையும் இருபுறமும் 100 எனக் கொள்க. மதிப்பீடுகள் ஒன்றையொன்று சாராதனவாயின், வேறுபாட்டின் எல்லை 200 அன்று. வர்க்கங்களைக் கூட்டி மூலங்காண, 141 ஆகும். 127 அதனினும் சிறிது. ஆகவே ‘எண்ணிக்கை மாறவில்லை’ என்னும் கருதுகோளைத் தள்ள இயலாது. தள்ள இயலாமையால் அது மெய்யென நிறுவப்பட்டதாகாது. பலரும் வழுக்குமிடம் இதுவே. அதே கணக்கின்படி 14 யானைகள் கூடியிருக்கவும் கூடும். 268 குறைந்திருக்கவும் கூடும். தொகுதிகளைப் பெருக்கினால் இடைவெளி சுருங்கும். எனினும், ஏறத்தாழ நான்கு மடங்கு தொகுதிகளில் நடந்தால்தான் அது பாதியாகும்.